கேட்டக்காவின் மூன்றாவது தேர்வு

துறைமுகத்தின் மூன்றாம் கேட்டில் பதினாறு வருஷமாகக் காவலுக்கு நிற்பவளை லாரிக்காரர்கள் கேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த டிரைவருக்கு முதுகுவலி, எவர் மகளுக்குப் பரீட்சை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதுவே வினையாகப் போயிற்று. சர்டிபிகேட் இல்லாதவர்கள் இனி கேட்டில் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்ததும் எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்கினாள். நேரடித் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். இரண்டு தடவையும் ஒரே தப்பு. தெரிந்த முகமாயிற்றே என்று, தேதி முடிந்த பாஸோடு வந்தவரை நலம் விசாரித்து உள்ளே அனுப்பிவிட்டாள்.

இன்று கடைசித் தடவை. தவறினால் வேலை போய்விடும். தடுப்புக்கு வெளியே இருக்கும் காவலறையில் தேர்வு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வருகிற லாரிகளில் எது நிஜம், எது சோதனை என்று சொல்ல மாட்டார்கள். காலையிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

பதினொன்றரைக்கு வந்த லாரியில் அவள் வீட்டுக்காரர். பாஸ் நேற்றோடு முடிந்திருந்தது.

"போன வாரமே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, புதுப்பிங்கன்னு!"

"மறந்துட்டேன்டி. இன்னிக்கு மட்டும் விடு. ரெண்டு மணிக்குக் கப்பல். பெட்டி ஏறலைன்னா முதலாளி வண்டிச் சாவியப் பிடுங்கிடுவான்."

பின்னால் ஹாரன்கள் அலறின.

"வண்டியத் திருப்புங்க."

"கட்டின புருஷனையேவா?"

தேர்வு அதிகாரி எழுந்து வந்தார். "உங்க வீட்டுக்காரரா? பாவம், விட்டுடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்." சொல்லிக்கொண்டே தடுப்பைத் தாண்டக் காலெடுத்து வைத்தார்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முன்பு இரண்டு தடவை பார்த்த முகம். காலையில் வணக்கம் சொன்னாளே தவிர, அடையாள அட்டையைக் கேட்கவே இல்லை.

"சார், நில்லுங்க! யார் சொன்னாலும் அந்த வண்டி போகாது. உங்க அட்டையையும் காட்டுங்க."

அவர் மெதுவாக எடுத்து நீட்டினார். தேதி முடிந்து ஒரு மாசமாகியிருந்தது.

"இன்னிக்குச் சோதனை லாரி எதுவுமே இல்லம்மா," என்றார். "நான்தான் சோதனை. நான் இன்னும் ஒரு அடி உள்ள வெச்சிருந்தா நீங்க தொலைஞ்சிருப்பீங்க."

அப்படியானால் வீட்டுக்காரர் லாரி நிஜம். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது தெருமுனையைக் கடந்துவிட்டது.

சாயங்காலம் சர்டிபிகேட் கைக்கு வந்தது. அதற்கு முன்பே முதலாளி சாவியை வாங்கிக்கொண்ட செய்தியும் வந்துவிட்டது. சந்தோஷப்படக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"யாரு?"

"நான்தாங்க."

"நான்தான்னா? அட்டையக் காட்டு."

கோபமா, கேலியா, குரலில் தெரியவில்லை. கண் கலங்க, சர்டிபிகேட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். உள்ளே காகிதம் சரசரத்தது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

"தேதி பாத்துட்டேன்," என்றார் அவர். "மூணு வருஷம் செல்லும். உள்ள வா."