மேயராகப் போன மகளின் வீடு

ஒக்டோபர் 25, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபது. கல்முனையில் தூறல். மூத்த மகளுக்கென்று கட்டி வைத்திருந்த வீட்டை இளையவள் பெயருக்கு எழுதிக் கையெழுத்திட்டேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவள் கனடாவில் இரண்டு பலசரக்குக் கடைகள் நடத்தினாள். எட்டு வருடம் நகரசபை உறுப்பினராக இருந்தாள். இம்முறை மேயர் தேர்தலில் நின்றாள். ஏழரை மணிக்கு, அவள்தான் முன்னணியில் என்று செய்தி வந்தது.

"மேயரம்மா இந்த நுளம்புக் கடிக்குள்ள வந்து இரிக்கப் போறாவா, வாப்பா?" என்று இளையவள் சிரித்தாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஒன்பது ஐந்துக்கு மூத்தவள் அழைத்தாள்.

"வாப்பா, இருநூற்றுப் பன்னிரண்டு வோட்டால தோத்துட்டன். தேர்தலுக்காகக் கடை ரெண்டையும் வித்துட்டன். இஞ்ச இனி ஒண்டுமில்ல. என்ட ஊடு இரிக்கிதானே, வாறன்."

"ஓம் மகள், வாங்க," என்றேன்.

வந்தாள். தங்கையின் பெயருக்குப் போன அந்த வீட்டில் விருந்தாளியாக ஒன்பது நாள் இருந்தாள். விஷயம் தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் கனடாவுக்கே திரும்பிப் போனாள். வென்றவளுக்கு வீடு எதற்கு என்றுதான் யோசித்தேன். தோற்றால் எங்கே போவாள் என்று யோசிக்கவில்லை.

முத்திரைக்கும் பத்திரம் எழுதிய நொத்தாரிசுக்கும் சேர்த்து முப்பத்தொன்பதாயிரத்து நானூறு ரூபாய் செலவு.