தோப்புக்கரணத்தில் விழுந்த தம்பி

பிள்ளையார் அடியார்களுக்கு வணக்கம். எனக்குப் பொறுமை குறைவு. நடந்ததை எரிச்சலோடுதான் சொல்லப்போகிறேன்.

1997ஆம் ஆண்டு. நானும் தம்பி சுதனும் வெளிநாட்டில், மனுகா என்ற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஊரில் போர்க்கால ஷெல்லடிக்குத் தப்பி வந்தவன், இங்கே வந்து மண்டையால் முட்டுகிற விளையாட்டாகத் தேடிப் பிடித்தான். அமெரிக்கன் ஃபுட்போல். இங்கே எல்லாரும் ரக்பி விளையாட, இதற்கென்றும் ஒரு சின்னக் கழகம் இருந்தது, என் கஷ்டகாலம்!

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணிக்காரன் மோதி, தம்பி மல்லாக்க விழுந்தான். சில விநாடிகள் அசைவில்லை. கோச் ஓடி வந்து மூன்று விரல்களைக் காட்டினார். இவன் மூன்று என்றான். உடனே திரும்ப விளையாட விட்டுவிட்டார். விரல் எண்ணத் தெரிந்தால் மூளை சுகமாம்!

அந்தக் கிழமை, அடுத்த வெள்ளி வரைக்கும், வெளிச்சம் கூசுகிறது என்று திரைச்சீலையை மூடியே வைத்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை.

"ஒண்டுமில்லை அக்கா. ஹெல்மெட் போட்டிருந்தனான்தானே."

"ஹெல்மெட் மண்டையோட்டுக்கு. உள்ளுக்க குலுங்கினதுக்கு ஆர் ஹெல்மெட் போட்டது? டொக்டரிட்ட வா."

"சனிக்கிழமை ஃபைனல். டொக்டர் மறிச்சுப்போடுவார்."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். வெள்ளிக்கிழமை பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். "நான் சொன்னால் கேட்கிறான் இல்லை. நீயே மறி" என்று கத்தியே விட்டேன்.

சனி காலை அவனைக் கூட்டிப்போக வந்த கோச், முன்கதவடியில் நின்றார். தம்பி வழக்கம்போல் திருநீறு பூசி, தலையில் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். இரண்டாவது தரம் எழும்பவில்லை. பக்கவாட்டில் சரிந்து வாந்தி எடுத்தான். கோச் அதைக் கண்ணால் கண்டார். வெளுத்த முகத்தோடு அவரே தூக்கிக் காரில் ஏற்றி, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

மூளை அதிர்ந்திருக்கிறது, அது ஆறுமுன் இன்னொரு அடி பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டொக்டர். பிள்ளையாரே, பிள்ளையாரே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

அதன்பின் அந்தக் கோச், தலையில் அடிபட்ட எவனையும் டொக்டரின் கடிதம் இல்லாமல் ஆட்டத்தில் இறக்குவதில்லை. நானும் மாறினேன். முன்பு கும்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். இப்போது கும்பிட்ட கையோடு டொக்டருக்குப் போன் எடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் சொல்வழி கேளாத ஒருவர் இருப்பார். அவரைப் பிள்ளையாரிடம் ஒப்படையுங்கள். மனம்விட்டுத் திட்டியும் கேட்கலாம், பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

தம்பிதான் கோபிக்கிறான். அன்று அவனுடைய அணி தோற்றுப்போனது. "உங்கட பிள்ளையாரால ஃபைனல் போச்சு" என்று இன்றைக்கும் என்னோடு சண்டை பிடிக்கிறான். பிடிக்கட்டும். சண்டை பிடிக்க அவன் இருக்கிறான்.