கிராஜு வேட்டி

நான் பி.ஏ. தேறியவன். இரண்டாவது முயற்சியில் என்பதை யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன். அந்தப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போய், ஒரு வேர்க்கடலை மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். யுத்தம் தொடங்கியிருந்த சமயம். காலேஜில் நான் மனப்பாடம் செய்த காவியங்கள் எல்லாம், "மூட்டைகள் ஈரமாக வந்து சேர்ந்தது குறித்து வருந்துகிறோம்" என்ற வாக்கியத்தை அழகாக எழுதுவதற்குப் பயன்பட்டன.

கடிதம் எழுதும் நேரம் போக, மண்டியின் சரக்கு ரயிலேறுவதைப் பார்த்துக்கொள்ள ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டிலும் நிற்க வேண்டும். மூட்டை ஏற்றும் ஆட்கள் ரயில்வேக்காரர்களும் அல்ல, மண்டிக்காரர்களும் அல்ல. ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள். அவர் கதர்ச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. தர்மவான் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. ஆட்களுக்குக் கூலி கொடுக்கும்போது, தானம் கொடுப்பவர்போல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

ரயில்வே ஒரு வேகனைக் கொண்டுவந்து நிறுத்தினால், குறித்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். தவறினால் டெமரேஜ் என்று மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் விழும். எங்கள் மண்டியோடு பேசியிருந்தபடி, ஆட்களால் தாமதமானால் அது கான்ட்ராக்டர் தலையில். ஆகவே வேகன் சும்மா நிற்கிற ஒவ்வொரு மணியும் அவருக்கு வயிற்றில் வலித்தது. மனிதன் ஓயாமல் உழைக்கிற மணிகளை உணர்வதற்கு அவர் உடம்பில் உறுப்பு எதுவும் இல்லை.

ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி. விக்கிரவாண்டிப் பக்கத்துச் சேரியில் பிறந்து, ஷெட்டுக்குப் பின்னால் குடிசை போட்டுத் தங்கிவிட்டவர். மீசை நரைத்தும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு வேர்க்கடலைப் பருவத்தில் அவர்தான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கான்ட்ராக்டர் முன்னால் வந்து நின்றார்.

"மொதலாளி, பொழுது சாஞ்சப்புறம் தூக்கறதுக்குத் தனிக் கூலி வேணுங்க. பட்டணத்துல ஓவர்டைம்னு குடுக்கறாங்களாம்."

"ஓவர்டைம்னா இன்னாய்யா? நாள் முடிஞ்சப்புறம் செய்யற வேலை. நாள் எப்ப முடியுது?"

"பொழுது சாஞ்சா."

"அது கோழிக்கு. நம்ம தொழில்ல வேகன் கதவை மூடி சீல் வெச்சாத்தான் நாள் முடியுது. அதுவரைக்கும் ஒரே நாள்தானே? ஒரு நாளுக்கு ரெண்டு கூலி எந்த ஊரு நியாயம்?"

"அப்டிப் பாத்தா போன வாரம் பூரா ஒரே நாள்தான் மொதலாளி" என்றான் பின்னால் நின்ற ஒருவன். "அதான் எங்க வூட்டுல யாருக்கும் பசிக்கலபோல."

சூரியனும் பூமியும் ஓர் ஈயச் சீலுக்காகக் காத்து நிற்கும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நான் படித்தவற்றை எழுதியவர்கள் யாரும் லோடிங் கான்ட்ராக்ட் எடுத்தவர்கள் அல்ல.

ஆட்கள் கலையவில்லை. மூட்டைகள் ஷெட்டில் குவிந்துகொண்டிருந்தன. கான்ட்ராக்டர் இறங்கிவந்தார். அந்த வாரம் அவருக்கு இங்கிலீஷ் பேப்பர் படித்துச் சொன்னவன் நான்தான். அதில் அகப்பட்ட ஒரு வார்த்தையை எடுத்து வீசினார். "ஓவர்டைம் கெடையாது. ஆனா உடம்பு தளந்து வேலைய வுடறவனுக்கு நான் கிராஜுவிட்டி குடுப்பேன். தெய்வ சாட்சியா."

வார்த்தை பெரிதாக இருந்ததால் தொகையும் பெரிதாக இருக்கும் என்று நம்பி ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகு மேஸ்திரி என்னிடம் வந்து அர்த்தம் கேட்டார். கேட்டது ஒரு கேள்வி. நான் கொடுத்தது ஒரு பிரசங்கம். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருப்பதையும், நன்றி என்னும் பொருள் அதற்குள் ஒளிந்திருப்பதையும், மூட்டைகளின்மேல் உட்கார்ந்து விளக்கினேன். அரைவாசியில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

"ரைட்டரய்யா, அது பணமா, வேட்டியா?" என்றார் மேஸ்திரி.

"பணம்தான்."

"பின்ன ஏன் வேட்டின்றாங்க?"

"வேட்டி இல்லை. விட்டி."

"அது உங்க பாஷை. எங்க வாய்க்கு வேட்டிதான் வருது."

அன்று முதல் ஷெட்டில் அதன் பெயர் கிராஜு வேட்டி. பணம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே சொல்லிச் சிரிப்பார்கள். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "இன்னா மச்சான், வேட்டி கட்ற நாள் வந்துட்ச்சா?" என்பார்கள்.

முதலில் வந்தது மேஸ்திரிக்குத்தான். வலது முட்டி வீங்கி, வேகனுக்குச் சாய்த்துவைத்த பலகையில் ஏறும்போது மடங்க ஆரம்பித்தது. மூட்டையோடு பலகையிலிருந்து விழுந்தால் அப்புறம் எழுந்திருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் சம்சாரம் வளவனூர்ப் பக்கம் ஒரு கறவை எருமையைப் பார்த்து வைத்திருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் பால் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கிராஜுவிட்டி வந்தால் எருமை. வராவிட்டால் மறுபடி பலகை. அவர் ஓய்வுகால யோசனை அவ்வளவுதான்.

கான்ட்ராக்டர் விழா எடுத்தார். அவர் விழா எடுத்தாலே கொடுக்க வேண்டியதைக் கொடுக்கப்போவதில்லை என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அன்று எனக்கு வயது போதவில்லை. பிற்பகலில், புதுச்சேரிக் கப்பலுக்குப் போகவேண்டிய எங்கள் சரக்கு வேகனில் பாதி ஏறியிருந்தபோது, வேலையை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டார். தலைமை, ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார். மாதா மாதம் பென்ஷன் வாங்கும் அந்த மனிதர், உழைப்பதில் உள்ள இன்பம் ஓய்வில் இல்லை என்று வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

பிறகு தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம். அவற்றின் கீழே மடித்த வேட்டி ஒன்று.

மேஸ்திரி வேட்டியைத் தூக்கி அடியில் பார்த்தார். தாம்பாளம்தான் இருந்தது.

"இன்னா மொதலாளி இது?"

"நீங்கதான்யா வாய் நெறைய சொல்லிக்கினு இருந்தீங்க, கிராஜு வேட்டி, கிராஜு வேட்டின்னு! கரை போட்டதாவே வாங்கியாரச் சொன்னேன்."

தாசில்தார் கை தட்டினார். நானும் தட்டியிருப்பேன். பழக்கதோஷம். கையில் குடை இருந்ததால் தப்பித்தேன்.

மேஸ்திரி வேட்டியை உதறினார். "நாலு முழமா, எட்டு முழமாங்க?"

"நாலு."

"செரி. அப்ப ஓவர்டைமு துண்டுங்களா?"

ஷெட்டே சிரித்தது. கான்ட்ராக்டரும் சிரித்து வைத்தார், தன்னைப் பற்றி இல்லாததுபோல. மேஸ்திரி வேட்டியைப் பழையதன்மேலேயே சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு மூட்டைமேல் போய் உட்கார்ந்தார்.

"ஜல்தி, ஜல்தி! பொழுது போவுது. வேகனை முடிங்க. மேஸ்திரி, நீயும் கடைசியா ஒரு கை குடு."

"நான்தான் ரிட்டையர் ஆயிட்டேனே மொதலாளி. புது வேட்டி வேற. அழுக்காயிடும்."

"டேய், நீங்க ஏறுங்கடா."

"எங்களுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துடுங்க. நாங்களும் ஒக்காந்துக்கறோம்" என்றான் ஒருவன். கொடுக்கும்வரை காத்திராமல் உட்கார்ந்தும்விட்டான். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். தாசில்தார் மட்டும் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால், அவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

"வேகன் நிக்குதுடா! காசு ஏறுதுடா!" என்று கத்தினார் கான்ட்ராக்டர்.

"நின்னா காசா?" என்றார் மேஸ்திரி. "குடுத்து வெச்ச வண்டிங்க. நான் நின்னதுக்கு முட்டியில வீக்கந்தான் ஏறிச்சு."

வேறு ஆட்களை வரவழைக்கிறேன் என்று சொல்லி, கான்ட்ராக்டர் திண்டிவனத்துக்குத் தந்தி கொடுத்தார். அவர்கள் மறுநாள் காலை என் பாசஞ்சரில், என் பெட்டியிலேயே ஏறினார்கள். என்ன பேஜாரு அங்கே என்று கேட்டார்கள். நான் தாம்பாளத்திலிருந்து தொடங்கிச் சொன்னேன். கொடி பிடித்தவனில்லை, கோஷம் போட்டவனில்லை. என் வாழ்நாளில் தொழிலாளர் இயக்கத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு, மயிலம் தாண்டுவதற்குள் ஒரு கதையை நன்றாகச் சொல்லி முடித்ததுதான். அவர்கள் விழுப்புரத்தில் இறங்கி, ஷெட்டுக்கு வந்து, வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள்.

என் முதலாளி கப்பல் போய்விடும் என்று கான்ட்ராக்டரைப் பிடித்து உலுக்கினார். டெமரேஜ் ஓடிக்கொண்டிருந்தது. உச்சி வேளைக்குள் கான்ட்ராக்டர் மனத்துக்குள் கணக்குப் போட்டு, எருமை மலிவு என்று கண்டுபிடித்துவிட்டார். மடியை அவிழ்த்து நோட்டுகளை எடுத்தார்.

"இந்தா. ஆனா ஒண்ணு. இது கிராஜுவிட்டி இல்லே. நாளைக்கு அவனவன் வந்து கேப்பான். இது கடன்."

"கடன்னா திருப்பிக் குடுக்கணுமேங்க?"

"ஆமா."

"எப்டிக் குடுக்கறது?"

"வேலை செஞ்சு குடு."

"அதான் ரிட்டையர் பண்ணிட்டீங்களே."

"அப்ப குடுக்காதே! எழுந்திருங்கடா!"

மேஸ்திரி நோட்டுகளை வாங்கி, புது வேட்டியின் மடியில் செருகிக்கொண்டார். வேகனில் சரக்கு ஏறி முடிந்து சீல் விழுந்தது. அந்த நாள் முடிந்தது. மற்றவர்களுக்கு ஓவர்டைம் வரவில்லை. அதன் பிறகும் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் சூரியன் கான்ட்ராக்டரின் உத்தரவுக்குப் பிறகுதான் அஸ்தமித்தது.

அந்தத் தொகைக்கு இளம் எருமை படியவில்லை. கொஞ்சம் வயதானதாக ஒன்று வந்தது. மேஸ்திரி அதைக் காபி கிளப் வாசலுக்கே ஓட்டிவந்து கறப்பார். கான்ட்ராக்டர் தினமும் அங்கே காபி குடிக்க வருவார். நாலு பேர் இருக்கும்போது பார்த்து, "யோவ், என் கடன் இன்னாச்சு?" என்று உரக்கக் கேட்பார். கடன் கொடுத்தவர் என்ற பெருமையை அவர் கடைசிவரை விடவில்லை.

"தந்துடறேன் மொதலாளி" என்பார் மேஸ்திரி, மடியிலிருந்து கையை எடுக்காமலே. "எருமை ரிட்டையர் ஆவட்டும்."