பென்டிரைவை உள்ளே விடாத லேப்டாப்

புதுக் கணினியில் வேறு இயங்குதளம் ஏற்றுவது, நம் வீட்டுக்குள் நுழைய காவலாளியிடம் கெஞ்சுவது போன்ற வேலை. இதே தொழிலில் தவிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். புந்தோங்கில் ஷரீப் அண்ணேயின் கணினிக் கடையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். "இந்த லேப்டாப்ப ஒழுங்கா முடிச்சா நீ நிரந்தரம்" என்று அவர் சொன்ன வாரத்தில் நடந்தவை இவை.

யாருடைய கணினி

லகாட்டிலிருந்து அமுதா அக்கா புது லேப்டாப்போடு வந்தார். திங்கட்கிழமை தொடங்கும் மாலை வகுப்புக்கு அதில் லினக்ஸ் வேண்டும். லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகினேன். தொடக்கப் பட்டியலில் அது வரவே இல்லை. கடைக் கணினியில் உடனே வந்தது. ஆக, செக்யூர் பூட்தான் தடுக்கிறது என்று முடிவு கட்டினேன். தனக்குத் தெரிந்த கையொப்பம் இல்லாத எதையும் அது தொடங்க விடாது என்று அக்காவிடம் விளக்கினேன். எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

"லேப்டாப்பு என்னோடது. நான் கூட்டிட்டு வந்த ஆள உள்ள விடமாட்டேன்னு சொல்ல அது யாரு தம்பி?"

நீலத் திரை

செக்யூர் பூட் வசதியை அணைத்தேன். பென்டிரைவ் அப்போதும் வரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்த விண்டோஸோ நீலத் திரையைக் காட்டி, நீளமான மீட்பு எண் ஒன்றைக் கேட்டது. அக்காவிடம் அது இல்லை. அணைத்ததை மறுபடி போட்டதும், ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் திறந்தது. ஏன் கோபித்தது, ஏன் சமாதானமானது என்று தெரியவில்லை. அக்கா என்னையே பார்த்தார்.

"வெளிய நிக்கிறவன் உள்ள வரல. உள்ள இருந்தவனும் கதவச் சாத்தப் பாத்தான். இதத்தான் படிச்சியா தம்பி?"

இடது பக்கத் துளை

மறுநாள் தற்செயலாக, பென்டிரைவ் செருகிய துளைக்கு மவுஸை மாற்றினேன். மவுஸும் செத்துப்போனது. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெள்ளிக்கிழமை லேப்டாப்புக்குப் பூஜை போட்டு, அவர் அம்மா நாலு பக்கமும் பொட்டு வைத்தாராம்; இடது பக்கப் பொட்டு துளைக்குள்ளேயே இறங்கிவிட்டது. பென்டிரைவை மறுபக்கம் செருகினேன். செக்யூர் பூட் இருந்தபடியே லினக்ஸ் ஏறியது. அதற்கு வேண்டிய கையொப்பம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

தப்பான இடத்தில் தேடியதை ஷரீப் அண்ணேயிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் டார்ச்சை வாங்கித் துளைக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"அக்காவுக்குத் திங்கக்கிழமை வகுப்பு. உனக்கும் திங்கக்கிழமைதான் லா. நிரந்தர ஆளா வா, டார்ச்ச மறக்காத."

இப்போதெல்லாம் எந்தப் புது லேப்டாப் வந்தாலும், செக்யூர் பூட் பக்கம் போகுமுன் நான் கேட்கும் முதல் தொழில்நுட்பக் கேள்வி, "பூஜை போட்டாச்சா?" என்பதுதான்.