நெத்திலியும் போன வருஷத்து மழையும்

எனக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் படிக்கிறவர்களுக்குப் புரியாதாம், அதனால் கொஞ்சம் அலசிப் பிழிந்து போடுகிறாள். போடட்டும். ஆனால் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அதில் கை வைத்தால் ருசி போய்விடும்.

பெரும்பாக்கத்தில் கவர்மெண்டு கட்டிக் கொடுத்த எட்டு மாடிக் குடியிருப்பு எங்களுடையது, அதில் ஏழாவது மாடி. கடலோரத்தில் பிறந்தவளைக் கொண்டுவந்து இவ்வளவு உயரத்தில் வைத்துவிட்டார்களே என்று முதல் மாதம் முழுக்க மூக்கைச் சிந்தினேன். அப்புறம் ஒருநாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. வெயிலுக்குக் குறுக்கே ஒரு தென்னை மரம்கூடக் கிடையாது. கருவாடு போட உலகத்திலேயே இதைவிட நல்ல இடம் இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரியும் நானும் கூட்டுச் சேர்ந்து, நீலாங்கரைக் கரையில் மீன் வாங்கி வந்து மாடியில் காயவைக்க ஆரம்பித்தோம். நாற்றம் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் மருமகளுக்குக் கை வலிக்கும்.

கருவாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சித்திரை வெயிலில் மலை மலையாகக் காயவைக்கலாம், அப்போது கேட்க ஆள் இருக்காது. ஐப்பசியில் கடல் கொந்தளித்துப் படகெல்லாம் கரையில் கிடக்கும்போது ஊருக்கே கருவாட்டுக் குழம்பு ஆசை வரும், அப்போது வெயில் இருக்காது. குரோம்பேட்டையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பார். போன ஐப்பசியில் அவர் சொன்னார்: "இந்த மயையில புது நெத்திலி ரெண்டு மூட்ட கொண்டாந்து காட்டு ஆயா. வருசம் பூரா உங்கிட்டயே வாங்கிக்கிறேன்."

வருஷம் பூராவும். நானும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "உனுக்கு இன்னா பைத்தியமா? ஐப்பசில எவளாச்சும் நெத்திலி காயப்போடுவாளா?"

"நடுவுல மூணு நாளு வெயிலு வராமயா போவும்? அது எந்த மூணு நாளுன்னு சொல்றதுக்குத்தான் கவர்மெண்டு ஆபீஸ் வச்சிகீது."

இந்த வானிலை ஆபீஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முன்பெல்லாம் நான் சிரிப்பேன். வானத்தை அண்ணாந்து பார்க்க ஒரு ஆபீஸ், அதற்குச் சம்பளம், பென்ஷன். எங்கள் வீட்டுக்காரர் அந்த வேலையைச் சம்பளமே இல்லாமல் நாள் முழுக்கச் செய்தாரே என்பேன். அப்புறம் அந்த ஆபீஸிலிருந்து மீன்காரர்களுக்கெல்லாம் போனில் பேச ஆரம்பித்தார்கள். தினம் சாயங்காலம் ஒரு குரல் வரும். இன்ன கிழமை, காற்று இந்தப் பக்கம், அலை இவ்வளவு உயரம், மழை உண்டு, இல்லை. படிக்கத் தெரியாதவளுக்கு இதைவிட என்ன வேண்டும். அதோடு வாட்ஸ்அப்பில் வரும், மாவட்டம் மாவட்டமாகக் கலர் பூசிய மழைப் படத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கடலை ஒட்டிக் கிழிந்த முந்தானை மாதிரித் தொங்குவது எங்கள் மாவட்டம். பச்சைச் சேலை கட்டியிருந்தால் பயமில்லை. மஞ்சள் என்றால் மூட்டை கட்டத் தயாராக வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பஜ்ஜி போடலாம்.

இது தெரிந்ததும் குடியிருப்பில் என் மவுசே தனி. மூன்றாவது மாடிப் பெயிண்டர் காலையில் டீயோடு வந்து நிற்பான். "ஆயா, இன்னிக்கி வெளிச்செவுரு அடிக்கலாமா, உள்செவுரா?" மாவு அரைத்து விற்கிற அம்மா எவ்வளவு ஊறப்போடலாம் என்று கேட்பாள். மழை நாளில் அவள் மாவை வாங்க யார் இறங்கி வருவார்கள். கொத்தனார், இளநீர்க்காரர், துணி தேய்க்கிறவர் என்று எல்லோருக்கும் நான்தான் ஆபீஸ். அரிசிக்கு உலை வைப்பதே வானத்தைக் கேட்டுத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு சாயங்காலம் குரல் சொன்னது: அடுத்த இரண்டு நாள் மழை இல்லை, மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை. எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. விடிந்ததும் கரைக்கு ஓடினோம். கிளம்பிய ஒன்றிரண்டு படகில் வந்த நெத்திலி முழுக்க எங்கள் கூடையில். உப்பில் அலசி, தார்ப்பாய்மேல் பழைய வலையை விரித்து, மீனைப் பரப்பி நிமிர்ந்தால் மாடி முழுக்க வெள்ளிக் காசு இறைத்த மாதிரி ஒரு பளபளப்பு. எதிர்வீட்டுக்காரி காக்காய் விரட்டும் குச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு போலீஸ்காரி மாதிரி நடந்து காட்டினாள்.

அப்போதுதான் என் போனில் ஒரு படம் வந்தது. எங்கள் முந்தானை ரத்தச் சிவப்பு.

"ஏய், செவப்புடி. வாரு, வாரு" என்று கத்தினேன். அவள் வானத்தைப் பார்த்தாள். "மேல நீலமா கீதே?" "உனுக்குத் தெரியுமா, ஆபீஸுக்குத் தெரியுமா?" ஈர மீனை வாரி மூட்டை கட்டி இறக்கினோம். அப்புறம் கீழ்வரை இறங்கி ஒவ்வொரு மாடியிலும் தண்டோரா போட்டேன். துணியெல்லாம் உள்ளே போயிற்று. மாவு அம்மா ஊறப்போட்ட அரிசியில் பாதியை வடித்துச் சோறாக்கினாள். பக்கத்துக் கட்டடத்தில் வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் சாரத்திலிருந்து இறங்கி வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

எல்லோரும் வாசலில் நின்று மழைக்குக் காத்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

மதியம் மருமகள் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை முடிந்து வந்தாள். வீட்டுக்குள் மீன் மூட்டைகளைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தே, இதுல தேதி போட்டுகீது பாரு. போன வருசத்துப் படம். எவனோ பொயுது போவாம அனுப்பிகீறான்."

எனக்குச் சிவப்பு தெரியும், முந்தானை தெரியும். மூலையில் இருந்த நம்பர் எறும்பு மாதிரித்தானே இருந்தது. போன வருஷமே பெய்து முடிந்த மழைக்காக எட்டு மாடியையும் வேலையை நிறுத்த வைத்திருந்தேன்.

பெயிண்டர் வந்தான். "ஆயா, உன்னால இன்னிக்கி கூலி போச்சி. போன வருசத்து மயைக்கு இந்த வருசம் லீவு வுட்ட மொத ஆளு நான்தான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனாலும் சுருக்கென்றது. தப்பாக ஒரு தகவல் வந்தால் எத்தனை வீட்டு அடுப்பில் கை வைக்கிறது என்று பார்த்தேன்.

என் நெத்திலி மட்டும் சிரிக்கிற நிலையில் இல்லை. மூட்டைக்குள் புழுங்கி ஒரு மாதிரி வாசனை வர ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் கோழிக்குக்கூட ஆகாது. நல்ல நேரம் லிப்ட் வேலை செய்யவில்லை. ஏன் நல்ல நேரம் என்கிறேனா, மூட்டையைப் படியில் தூக்க வேண்டியிருந்ததால்தான், நியாயம் கேட்க வந்து நின்ற பெயிண்டர், மாவு அம்மா என்று ஆளாளுக்கு ஒரு கை பிடித்தார்கள், திட்டிக்கொண்டே. மறுபடி அலசி, மறுபடி பரப்பினோம். அரை நாள் வெயில் போனது போனதுதான். மூன்றாம் நாள் கடைசி நிமிஷம் வரை காய்ந்தால்தான் தேறும்.

அந்த மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கே மேடவாக்கம் பக்கம் கறுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி தார்ப்பாயைப் பிடித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வாரலாம் வா" என்றாள்.

"மூணு மணின்னு சொல்லிகீறாங்க."

"முந்தாநேத்து மேரியா?"

"அது படம்டி. இது நேத்து சாயங்காலம் கெயம சொல்லிப் பேசுன கொரலு. நானே கேட்டேன்."

ஒரு மீனை எடுத்து வளைத்துப் பார்த்தேன், ரப்பர் மாதிரி வளைந்தது. நன்றாகக் காய்ந்திருந்தால் உடையும். இரண்டு மணிக்கும் அப்படித்தான். அவள் தார்ப்பாயின் முனையைக் கையைவிட்டு விடவே இல்லை. கறுத்த மேகம் ஒரு பக்கம், அதற்கு அடியில் புகுந்து அடிக்கிற வெயில் ஒரு பக்கம், நடுவில் நான் மீனைப் புரட்டிப் புரட்டிப் போட்டபடி. இரண்டரைக்குக் காற்று கிளம்பியது. அந்தக் காற்றுதான் வேலையை முடித்தது. இரண்டே முக்காலுக்கு வளைத்தேன், டக்கென்று உடைந்தது.

வாரினோம். கடைசி மூட்டையைப் படிக்கட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியதும், மேலே யாரோ ஜல்லி லாரியைக் கொட்டியது மாதிரி மழை இறங்கியது. என்ன நினைத்தேனோ, கதவைத் திறந்து வெளியே போய் நடு மாடியில் நின்று ஆடினேன். எதிர்வீட்டுக்காரி, "கெய்வி, கால் கை ஒடச்சிக்காத" என்று கத்திக்கொண்டே வந்தாள், அவளும் ஆடினாள்.

மறுநாள் குடையோடு பஸ் ஏறிக் குரோம்பேட்டை போனோம். கடைக்காரர் மூட்டைக்குள் கையை அடிவரை விட்டு ஒன்றை எடுத்தார். உடைத்துப் பார்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டு மென்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்டி ஆயா?" என்றார். "சரி, வருசம் பூரா உன்னுதுதான். அடுத்த லோடு எப்ப?"

"சாய்ங்காலம் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.