பிளானில் ‘ஸ்டோர்’ என்று எழுதும் அறை

கொழும்பு வெள்ளவத்தையில் நான் கடைசியாக வரைந்த பெரிய பிளானை அந்த ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும் எதிர்த்தது. வெறும் வளவொன்றில் முப்பத்தாறு சின்ன வீடுகள்: ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, இரண்டு ஜன்னல். அக்கம்பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது காணிக்காரரின் எண்ணம். விளக்கம் சொல்ல, டிராஃப்ட்ஸ்மன் என்று என்னை அனுப்பினார்கள்.

கூட்டம் எதிர் பிளாட்ஸின் கார் பார்க்கில். ஏழு மாடி, பதினான்கு வீடு. அதுவும் எங்கள் ஆபீஸ் பிளான்தான். அது எழும்பியபோது பழைய வீட்டுக்காரர்கள் மூன்று குறை சொன்னார்கள்: தண்ணீர் போதாது, கழிவுநீர்க் கான் நிரம்பும், ஒழுங்கை தாங்காது. இப்போது பிளாட்ஸ்காரர்கள் அதே மூன்றை அதே வரிசையில் சொன்னார்கள். நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

“முப்பத்தாறு வீடெண்டா முப்பத்தாறு குக்கர் விசில்,” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கமிட்டித் தலைவர் நடேசன் எழும்பினார். “ஐசே, உந்தப் பெட்டியளுக்குள்ள மனிசர் இருக்கேலுமே? உங்களுக்கு மனச்சாட்சி இல்லையே?”

அப்போது தேநீர்த் தட்டோடு வந்தார் ராசமணி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நடேசன் வீட்டில் வேலை செய்பவர். மகனுக்கு ஒருகொடவத்தைக் கன்டெய்னர் யார்டில் வேலை, படுக்கையும் அங்கேதான். கூட்டத்துக்கு முன் கேற்றடியில் என்னைப் பிடித்துக் கேட்டிருந்தார்: “அய்யா, அதுல ஒன்னு எங்களுக்குக் கெடைக்குமுங்களா? பயல் ஜன்னலோரம் படுக்கட்டும். நான் அடுப்படியில படுத்துக்குவேன்.”

நடேசன் வீட்டில் அவர் இப்போது படுக்கும் அறை ஆறடிக்கு ஏழடி. எங்கள் தொழிலில் அதை ‘ஸ்டோர்’ என்றுதான் பிளானில் எழுதுவது வழக்கம். ஆள் படுக்கும் அறை என்று எழுதினால் சட்டப்படி ஜன்னல் வைக்க வேண்டும்.

“சேர், உங்கட ஸ்டோரை விட இது அஞ்சு மடங்கு பெரிசு,” என்றேன்.

“அது வேற கதை. ராசமணி எங்கட வீட்டு ஆள்,” என்றார் நடேசன். ராசமணி அவர் முன் கோப்பையை வைத்துவிட்டு நகர்ந்தார்.

காணிக்காரர் பின்வாங்கினார். புதுப் பிளான் வந்தது: அதே உயரம், ஒன்பது பெரிய வீடுகள். ஒழுங்கையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடேசன் மகளுக்கு ஒரு வீடு புக் பண்ணினார்.

பிறகொரு நாள் மீன் கடையடியில் ராசமணியைக் கண்டேன்.

“என்னய மக வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம் அய்யா. அங்க என் ரூம்ல ஜன்னல் வச்சிருக்காங்களா?”

புதுப் பிளானில் ஒன்பது ஸ்டோர், ஒன்றிலும் ஜன்னல் இல்லை. எண்ணிப் பார்த்திருந்தேன். “பார்த்துச் சொல்லுறன்,” என்றேன்.

பிளான் வரைய வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆள் கூடிவிடும் என்று ஒழுங்கை சத்தம் போட்டால், முதலில் அங்கே ஜன்னலில்லாத அறைகளை எண்ணுங்கள். வரக்கூடாது என்று அவர்கள் சொல்லும் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான் ஏற்கெனவே படுத்திருக்கிறார்கள்.