இசக்கிதுரை கட்டிய பஸ் கட்டில்

இசக்கிதுரை அண்ணாச்சியிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் பட்டறையில் யாருமில்லை. நான் இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். முதல் தடவை, அவர் பற்றவைத்த லாரிக் கதவில் என் பெயிண்ட் வழிந்துவிட்டது என்று கன்னத்தில். இரண்டாவது தடவை, அந்த முதல் அடியை டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று முதுகில். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாம்லே மாரி" என்பார். அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற பட்டறை அது. அவர் வெல்டர், நான் பெயிண்டர். போர்டு எழுதுவது, பூப் போடுவது, பின்னால் 'ஒலி எழுப்பவும்' எழுதுவது எல்லாம் என் வேலை. அவருக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பேரைச் சொல்லும்போது எதிரில் நிற்பவன் சிரிக்கக் கூடாது. சிரித்த கிளீனர் ஒருவனுக்கு முன்பல் போனது. பன்னிரண்டு வயதில், உழவு மாட்டை மேயவிட்டுத் தூங்கிவிட்டார் என்று அப்பா சாட்டைக் கம்பால் அடித்த அடியில் வீட்டைவிட்டு ஓடிவந்தவர் அவர். முதுகில் அந்தத் தழும்பு இன்னும் உண்டு. வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பற்றவைத்த இடம் விட்டுப்போச்சு என்று ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை.

2003 ஐப்பசியில், குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று பெண்டாட்டி பிரேமலதாவின் மணிக்கட்டை இரும்புக் கரண்டியால் அடித்து உடைத்தார். அந்தம்மா மாவுக்கட்டோடு, எட்டு வயது மகள் விஜியைக் கூட்டிக்கொண்டு நாகலாபுரத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது. பத்து நாள் கழித்து அண்ணாச்சியும் நானும் சமாதானம் பேசப் போனோம். செருப்பில் அப்பிய கரிசல் மண்ணைக் கல்லில் தேய்த்துவிட்டு உள்ளே போனால், சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும், புறப்படு தாயி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்ன முகங்களில் ஒன்றுகூட அடி வாங்கிய முகமாக இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் அவரல்லவா உட்கார்ந்திருந்தார்.

பிரேமலதா என்னைப் பார்த்துத்தான் பேசியது. "அண்ணே, நான் ஒண்ணும் சொல்லுததுக்கில்ல. பிள்ளை வாரேன்னா நானும் வாரேன். அவகிட்டயே கேளுங்க."

விஜி யோசிக்கவேயில்லை. ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டி நோட்டில் ஒட்டியிருந்த படத்தைக் கொண்டுவந்து காட்டியது. வெளிநாட்டுப் பிள்ளைகள் படுக்கிற இரண்டடுக்குக் கட்டில்.

"எனக்கு இது மாதிரி மாடிக்கட்டில் வேணும். பஸ் மாதிரி இருக்கணும். பச்சை பஸ். நாகலாபுரம்னு போர்டு போடணும். நான் மேலதான் படுப்பேன்."

"இம்புட்டுத்தானாட்டி!" என்று அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பிரேமலதா சிரிக்கவில்லை.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு பெரிய பர்னிச்சர் கடைக்குப் போனார். அங்கே ஒரு மாடிக்கட்டில் இருந்தது. மீன் படம் ஒட்டிய பலகை, விலை இருபத்திரண்டாயிரம். "பலகையைத் தட்டிப் பாத்தா அட்டை மாதிரி சத்தம் வருது, இதுக்கா?" என்றார். விற்பனைக்கு நின்ற பையன், "உங்களுக்குக் கட்டுபடியாகாது சார், மடக்குக் கட்டில் அந்தப் பக்கம் இருக்கு" என்று கையைக் காட்டினான். மறு நிமிடம் அவன் சட்டைக்காலர் அண்ணாச்சி கையில் இருந்தது. அவனைத் தள்ளிய தள்ளில் நிலைக்கண்ணாடி ஒன்று நொறுங்கியது. நான்கு பேர் சேர்ந்து எங்களைத் தெருவுக்குத் தள்ளினார்கள். தள்ளியவர்களில் ஒருவனுடைய மூக்கை அண்ணாச்சி உடைத்தார். நான் யார் மூக்கையும் உடைக்கவில்லை, ஆனாலும் எனக்கும் நாலு சாத்து விழுந்தது.

அதற்கு அடுத்த வாரம், பழைய இரும்பு வியாபாரி சீனி ஆள் விட்டிருந்தார். மூடிப்போன ஒரு ஹாஸ்டலிலிருந்து இரட்டைக் கட்டில் வந்திருக்கிறதாம். நல்ல கனமான ஆங்கிள் இரும்பு, ஒரு இடத்திலும் துரு அரிக்கவில்லை. எண்ணூறு ரூபாய் என்றார் சீனி. அந்த நேரம் பார்த்து லாட்ஜ் ஆள் ஒருவன் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, "நேத்தே நான் பேசிட்டேன்" என்றான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்து முறுக்க, அவன் அங்கே கிடந்த பைப்பை எடுத்து இவர் நெற்றியில் போட்டான். ரத்தம் கண்ணில் வழிய வழிய, அவன் விழுகிறவரைக்கும் குத்தினார். விழுந்த பிறகும் குத்தினார். நானும் சீனியும் இழுத்தும் முடியவில்லை. நெற்றியில் ஆறு தையல். தையலோடு தள்ளுவண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு, ஏதோ கோயில் தேரைக் கொண்டுபோகிற மாதிரி மெயின் ரோட்டில் போனார்.

அவர் வீட்டிலேயே வைத்துக் கட்டினோம். முன்பக்கம் தகரத்தை வளைத்து பஸ் மூஞ்சி. உடைத்துப்போட்ட டெம்போவிலிருந்து இரண்டு ஹெட்லைட். மேலே ஏற பஸ்ஸின் பின்னால் இருக்கிற இரும்பு ஏணி. மேல்தட்டில் ஒரு ஸ்டியரிங், தலைமாட்டில் கண்டக்டர் மணிக்கயிறு. ஹெட்லைட் ஒன்று கோணலாகப் போனது என்று முதலில் செய்த மூஞ்சியைச் சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கினார். தகரம் தட்டையான பிறகும் அடித்துக்கொண்டேயிருந்தார். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

மேல்தட்டுக்கு உயரம் வைக்க டேப் எடுக்கவில்லை. எங்கள் பட்டறையில் கைப்பிடிக் கம்பிக்கும் ஏணிக்கும் யாரும் டேப் எடுப்பதில்லை. அண்ணாச்சி நிமிர்ந்து நின்று கையைத் தூக்குவார், எட்டுகிற இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போடுவேன். அவர் கைதான் அளவு. கட்டிலுக்கும் அப்படியே செய்தார். "போர்வை விலகிச்சுன்னா கீழ நின்னே மூடிவிடணும்லா" என்று, எக்கினால் சுவர் ஓரம் வரைக்கும் கை போகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தார். எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது. இப்போதும் பாசமில்லை என்று சொல்லமாட்டேன்.

பச்சை இரண்டு கோட் அடித்தேன். பஸ்ஸின் நெற்றியில் மஞ்சளில் 'நாகலாபுரம்' என்று எழுதினேன். என் கையால் எழுதிய போர்டுகளிலேயே அதுதான் அழகு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் வந்தார்கள். பிரேமலதா செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றது. விஜி கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்தது. ஏணியில் ஏறி, ஸ்டியரிங்கைத் திருப்பி, மணியை இரண்டு தரம் அடித்தது. அண்ணாச்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். தையல் போட்ட நெற்றியோடு சின்னப்பிள்ளை மாதிரி நின்றார்.

"அப்பா, அங்கன நின்னு கையைத் தூக்குங்க" என்றது விஜி.

விளையாட்டு என்று நினைத்துக் கையைத் தூக்கினார். விரல் பிள்ளையின் முழங்காலில் பட்டது. அது சுவரோடு ஒட்டி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"இப்ப."

அவர் குதிகாலை உயர்த்தி எக்கினார். கணுக்காலைப் பிடித்துவிட்டார். "ஏட்டி, பிடிச்சிட்டம்லா!" என்றார். மேலே பார்த்தால், பிள்ளை கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தது.

அவர் கையை எடுத்தார். விஜி ஏணியில் இறங்கி, சுவரை ஒட்டியே நடந்து தாயிடம் போனது.

"அம்மா, எட்டுதும்மா. ஊருக்குப் போவோம்."

பிரேமலதா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியது. அண்ணாச்சி பின்னால் போகவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

"ஏலே மாரி, கட்டில் காலை இன்னும் ரெண்டடி நீட்டிப் பத்தவைப்போமா?"

"தலை கூரைத் தகரத்துல இடிக்கும் அண்ணாச்சி."

"அப்பம் கூரையைத் தூக்கிருவோம்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "கூரையைத் தூக்கினா நீங்க ஸ்டூல் போட்டு ஏறமாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பினார். மூன்றாவது அடிக்குக் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. அவர் போய்க் கீழ்த்தட்டில் குனிந்து உட்கார்ந்தார்.

"விஜியை நான் அடிச்சிருக்கேனாலே?" என்றார்.

"அது உங்களுக்குத்தான தெரியும் அண்ணாச்சி."

"ஞாபகம் இல்லலே" என்றார்.